அல்லிக் கிழங்குச் சேறு

குளத்தூர் பஸ் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போயிருக்கிறார். இரண்டு வருஷமாக மழை இல்லை. ரோட்டோரக் கண்மாயின் நடுவில் மட்டும் சேறும் கருகிய அல்லி இலைகளும் கிடக்கின்றன. ஒரு பெண் சேற்றில் பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அல்லிக் கிழங்கு தோண்டுகிறாள். இதற்கு ஏன் படுக்க வேண்டும் என்று பார்க்க நானும் கண்மாய்க்குள் இறங்குகிறேன்.

மேலே காய்ந்த சேற்று ஏடு கெட்டியாகத்தான் இருக்கிறது. அவளை நெருங்கும்போது உடைகிறது. இடது கால் தொடைவரை போகிறது. உதறி இழுத்தால் வலது காலும் போகிறது. சேறு இடுப்புக்கு ஏறிவிட்டது. அடியில் தரையே தட்டுப்படவில்லை.

"ஒதறாதீங்க, இன்னும் உள்ள இழுக்கும். அப்படியே முன்னால சாஞ்சு படுங்க" என்கிறாள்.

முகத்தைச் சேற்றில் வைக்கப் பயமாக இருக்கிறது. வேறு வழியில்லை, படுக்கிறேன். பலகையோடு ஊர்ந்து வந்து என் கையைப் பிடிக்கிறாள். மெல்ல மெல்ல, செருப்பில்லாமல் வெளியே வருகிறேன்.

கரையில் உட்கார்ந்து காலில் அப்பிய சேற்றை வழிக்கிறேன். அவளோ நான் புதைந்த குழி மூடுவதற்குள் தோள்வரை கையை விட்டு நாலு கிழங்கை எடுக்கிறாள்.

"நல்லா பெருசா இருக்கு. இம்புட்டு ஆழத்துக்கு நாங்க யாரும் போறதில்லங்க."