கவர் டீக்கு எதிராக ஒரு வழக்கு

மீன் குடலில் பிளாஸ்டிக் தேடுவது என் ஆராய்ச்சி. கண்டதைச் சொல்லித் திட்டு வாங்குவது அதன் செய்முறைப் பகுதி. வீட்டில் 'பிளாஸ்டிக் டப்பாவில் சுடச்சுட சாம்பார் ஊற்றாதே' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட சக தியாகிகளே, கேளுங்கள்.

குடல் மட்டும் போதும்

காசிமேட்டு மீன் வெட்டும் கொட்டகையில் தேசம்மா அக்கா வைத்ததுதான் சட்டம். அவரிடம் கண்ணாடிப் புட்டியை நீட்டி, சங்கரா மீனின் குடல் மட்டும் வேண்டும், மீன் வேண்டாம் என்றேன். அருவாமனையை விட்டு எழாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன உட்டுட்டு குடலக் கேக்குற மொத கிராக்கி நீதாம்மே. வூட்ல சோறு போடறாங்களா?"

கொட்டகை கொதித்த நாள்

குடலில் நைலான் வலைநூல் இழை கிடைத்தது என்றதும் சூழ்ந்துகொண்டார்கள். இது வெளியே தெரிந்தால் மீனை யார் வாங்குவார்கள்? நியாயமான கோபம். அதனாலேயே நானும் விடவில்லை. "குடலை நீங்களே வழித்து எறிந்துவிடுகிறீர்கள். உங்கள் கையில் இருப்பது?" என்றேன்.

எல்லார் கையிலும் டீ. கொதிக்கக் கொதிக்க பாலிதீன் கவரில் கட்டி வந்த டீ. அக்காவின் மகள் செல்வி கையிலும். அவளுக்கு ஏழாம் மாதம். சூட்டில் கவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள் உதிரும். மனித ரத்தத்தில், நஞ்சுக்கொடியில்கூட இந்த மாதிரித் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். உடம்பை என்ன செய்யும் என்று இன்னும் முழுசாகத் தெரியாது. தெரிகிறவரை செல்வியை வைத்தா சோதனை பண்ணுவது? மூச்சு விடாமல் பேசினேன். செல்வி நிதானமாக ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"மொதல்ல கண்ல காட்டு. அப்பறம் சண்ட போடு."

காட்டினேன்

டீக்கடை பாயின் கவர் ஒன்றிலும் எவர்சில்வர் தூக்கு ஒன்றிலும் வெந்நீர் ஊற்றிவைத்து, வடிகட்டி, பிளாஸ்டிக்கை ஒளிரவைக்கும் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப் படங்களை செல்போனில் கொண்டுபோனேன். தூக்குத் தண்ணீர் படம் கிட்டத்தட்ட இருட்டு. கவர் தண்ணீர் படம் தீபாவளி. செல்வி கையிலிருந்த கவரைக் கீழே வைத்துவிட்டாள்.

இனி தூக்கில் டீ அனுப்பச் சொன்னதும் பாய்க்கு வேறு கவலை. தூக்கில் டீ அனுப்பினால் போட்டுக்காரர்கள் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தேசம்மா அக்கா கொட்டகைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"தூக்க லவட்டிகினு போறவன் மீன இங்க எவளும் வெட்ட மாட்டா."

ஐஸ் கடைவரை

ஒரு தூக்குகூடக் காணாமல் போகவில்லை. செல்வி டம்ளரில் டீ குடிக்க, நான் தேர்தலில் ஜெயித்தவள்போல் பக்கத்தில் நின்றேன். அப்போது பாய் வந்தார். அந்தக் கோடியில் மீனுக்கு ஐஸ் விற்கும் கடைக்காரர்களும் தூக்கில்தான் டீ வேண்டும் என்கிறார்களாம். இந்தப் பொண்ணு அந்தப் பக்கம் போனதே இல்லையே, அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். செல்விதான் பதில் சொன்னாள்:

"அது இங்க பேசனா அங்க வரிக்கும் கேக்குது பாய்."

என் முனைவர் பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சத்தமாக வாதாடினால் காரியம் நடக்கும் என்பது மட்டும் ஐயமற நிரூபணமாகிவிட்டது.