அம்மாவிடம் மட்டும் அவள் கத்துவதில்லை

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கையாலும் முகத்தாலும் பேசுவாள். கல்யாணத்துக்கு முன்பே நானும் அந்தச் சைகை மொழியைக் கற்றுக்கொண்டேன். இன்றும் அவள் வேகம் எனக்கு வராது.

எங்களுக்கு மகள் பிறந்தபோது, பத்தியம் சமைத்துப் போடச் சாஆ என்ற சிற்றூரிலிருந்து என் அக்கா தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பாசக்காரர். அதனாலேயே பயமும் அதிகம். ஊருக்குத் திரும்பும் நாளில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டார்.

“தம்பி, நீ காலையில வொர்க்‌ஷாப்புக்குப் போனா சாயங்காலந்தான் வர்ற. பிள்ள கத்துனா அவளுக்குக் கேக்காதுலா. ஒரு வயசு வரைக்கும் நான் தூக்கிட்டுப் போயி வளக்குறேனே?”

அக்காவின் உதடுகளைப் பார்த்தே மனைவி புரிந்துகொண்டாள். குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் என்னிடம் சொன்னாள்: ‘காதுதான் இல்லை. கண் இருக்கிறது. என் பிள்ளை என்னோடு இருக்கட்டும்.’

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

குழந்தை அழுதால் பளிச்சிடும் விளக்கு ஒன்றை ஜொகூர் பாருவில் வாங்கி மாட்டினேன். ஆனால் நான் வீட்டில் இருந்த பொழுதுகளில் அது எரிந்ததே அபூர்வம். சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும்படி தொட்டிலைக் கட்டியிருந்தாள். காய் நறுக்கும்போதும் பார்வை அடிக்கடி அங்கே போய்வரும். குழந்தை முகத்தைச் சுளிக்கத் தொடங்கினாலே போதும், அழுகை வெளியே வருவதற்குள் இவள் போய் நின்றுவிடுவாள்.

துணி மாற்றும்போது புருவத்தைத் தூக்கி, கன்னத்தை உப்பி ஏதாவது கேட்பாள். குழந்தை கண்கொட்டாமல் பார்க்கும். பிறகு இரண்டு காலையும் உதைத்துப் பதில் சொல்லும். அது உதைத்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, இவள் அடுத்ததைக் கேட்பாள். சத்தமே இல்லாமல் அம்மாவும் மகளும் அரட்டையடிப்பதை வேலைக்குக் கிளம்ப மறந்து நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மகள் தவழத் தொடங்கியபோதுதான் ஒரு வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. பசித்தால் என்னிடம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவாள். அம்மாவிடம் கத்துவதில்லை. போய்ப் பாதத்தைத் தட்டி, அம்மா குனிந்து பார்த்த பிறகுதான் உதட்டைப் பிதுக்குவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது அக்கா மறுபடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அக்காவின் மடியில் இருந்த குழந்தை பசியில் வீறிட்டது. எப்படி ஆட்டியும் அடங்கவில்லை. தரையில் இறக்கிவிட்டார். அழுதுகொண்டே தவழ்ந்த குழந்தை, சமையலறை வாசலை எட்டியதும் சத்தத்தை நிறுத்தியது. அம்மாவின் கைலியைப் பிடித்து இழுத்தது. அவள் திரும்பியதும் பிஞ்சு விரல்களை மூடி மூடித் திறந்தது.

“அலமாக்! கத்துறத நிறுத்திட்டுல்ல போறா! கையில என்னடா செய்றா?”

“பால் கேக்குறா அக்கா.”

 அக்கா சமையலறைக்குப் போனார். குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்த என் மனைவியின் தலையைத் தடவினார்.

“உன்ன மாதிரி யாரும் வளக்க முடியாது, தாயி.” மெதுவாக, அவள் உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும்படி சொன்னார். பிறகு தன் விரல்களை மடக்கிக் காட்டி, “இப்படியா? சரியா?” என்றார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. வாய் நிறையப் பேசுகிறாள், கையாலும் பேசுகிறாள். அக்கா வீடியோ அழைப்பில் என்னைக் கூப்பிடுவதே இல்லை. நேரே என் மனைவியைத்தான் கூப்பிடுகிறார். தெரியாத சைகை வந்தால் அத்தைக்கு மகள்தான் விளக்கம் சொல்கிறாள்.