இல்லி என்றார் மேஸ்திரி

நான் வரைந்த அந்தப் படத்தில் வளைவு மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு வட்டம்கூட இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத படவரைவாளர் நான். ஜோகுபாளையத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர் காலத்துக் கிறிஸ்தவப் பங்குக் கோயில் ஒன்றை அளக்க அனுப்பினார்கள். ஒரே மூச்சில் எழுந்த கோயில் இல்லை அது. முதலில் சேற்றுக் கலவையில் ஒரு சின்ன மண்டபம். சனம் பெருகியதும் பீடத்துப் பக்கச் சுவரை உடைத்து, சுண்ணாம்பில் நீட்டியிருக்கிறார்கள். பழைய சுவரும் புதிய சுவரும் கல்லோடு கல் கோக்காமல், பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பி போல நின்றன. இரண்டுக்கும் மேலே அந்த வளைவு. அதைத் தாங்க மர முட்டுகள்.

ஆனேக்கல்காரரான மேஸ்திரி, சுத்தியல் காம்பால் தட்டிப் பார்க்கச் சாரத்தில் ஏறினார். “பொள்ளலா, உள்ள காலியா இருக்கற எடத்துல குரல் குடுக்கறேன், வட்டம் போட்டுக்கோம்மா” என்று தமிழில்தான் சொன்னார். மேலே போனதும் மனுஷர் கன்னடத்துக்கு மாறிவிட்டார். தட்டுவார், “இல்லி!” என்பார். நகர்ந்து தட்டுவார், “இல்லி, இல்லி!” என் காதில் விழுந்ததெல்லாம் ‘இல்லே’. பொள்ளல் இல்லையாம். நிம்மதியாகப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

என்ஜினியர் படத்தைப் பார்த்தார். “அட, வளைவு கல்லு மாதிரி இருக்கே. முட்டுகள எடுத்துடுங்கப்பா” என்று இரண்டு ஆட்களை உள்ளே அனுப்பினார். நான் டீ குடிக்க வெளியே வந்தேன். மரத்தடி பெஞ்சில் மேஸ்திரி சற்று நகர்ந்து, பக்கத்துப் பலகையைத் தட்டினார்.

“பாம்மா, இல்லி கூத்கோ.”

அவர் கை தட்டிய இடத்தையே பார்த்தேன். இல்லி. இங்கே.

டம்ளர் எங்கே விழுந்ததோ. “மேஸ்திரி, உள்ள முட்டு எடுக்கறாங்க!” எனக்கு முன்னால் அவர் ஓடினார். முதல் முட்டு தரையில் கிடந்தது. இரண்டாவதன் ஆப்பை ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான். வளைவிலிருந்து காரைப் பொடி, மாவு சலிப்பதுபோல, சத்தமே இல்லாமல் அவன் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. “பிடு! ஈச்செ பாரோ!” என்று மேஸ்திரி அவனை இழுத்து வெளியே தள்ளினார். பிறகு தானே அடியில் நுழைந்து, ஆப்பைத் திரும்ப அறைந்தார். ஒவ்வோர் அடிக்கும் மேலேதான் பார்த்தேன். மூச்சுவிட்டால் விழுந்துவிடும் என்று தோன்றியது.

வெளியே வந்தவருக்குக் காரைப் பொடியில் முடியெல்லாம் வெள்ளை. என் காதில் விழுந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. “ஒன் இல்லேக்கும் என் இல்லிக்கும் நடுவுல ஒரு தலை போயிருக்கும்மா” என்றார்.

வளைவைப் பிறகு பலப்படுத்திவிட்டார்கள். அதன் கீழே இன்றும் கல்யாணங்கள் நடக்கின்றன. அழைத்தால் போகிறேன், கதவோரம் நிற்கிறேன். பொண்ணு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டுத் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.