அண்ணாச்சி கடையின் பின்கதவு

தீ பிடிச்ச பிறகு வந்து நிற்கிறவனுக்கு ஊரே சோடா வாங்கிக் கொடுக்கும். பிடிக்கிறதுக்கு முன்னாடி வந்து நிற்கிற எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடப் போட மாட்டாங்க. ராயபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரில் பவுடர் நிரப்புறது, கட்டிடத்தைச் சுத்திப் பார்த்து எது தப்புன்னு சொல்றது, மணி அடிச்சு ஜனங்களை வெளியே இறக்கிப் பழக்குறது, இதுதான் வேலை. சர்க்கார் ஆபீசர் வர்றதுக்கு முன்னாடி நாங்க போவோம். எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ். பார்க்கிறது நான், எழுதுறது எங்க முதலாளி பொண்ணு. உங்க வீட்டு மாடிப்படியில் சைக்கிளும் பழைய மெத்தையும் கிடந்தா, நீங்களும் நானும் சொந்தக்காரங்கதான். காலடிப்பேட்டையில் ஒரே ஒரு கட்டிடத்தோடு நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

பொட்டு வெச்ச சிலிண்டர்

கீழே கடை. மீன்பிடி வலை, நைலான் கயிறு மொத்த வியாபாரம். கடைக்காரர் தெக்கத்தி அண்ணாச்சி, கட்டிடமும் அவருதுதான். மாடியில் நைட்டி தைக்கிற யூனிட், இருபத்தாறு பொம்பளைங்க. முன்னாடி ஒரு படி, பின்னாடி ஒரு படி.

முதல் நாள் சிலிண்டரைத் தேடினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்னுது. ஆயுத பூஜைக்கு விபூதிப் பட்டை அடிச்சு, அழுத்தம் காட்டுற முள்ளு மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தாங்க. மாலை நழுவக் கூடாதுன்னு, இழுக்க வேண்டிய பின்னையும் சேர்த்து நூலால் ஏழெட்டுச் சுத்து. அவசரத்துக்கு இதை எப்படி அவிழ்ப்பீங்கன்னு கேட்டேன். அண்ணாச்சி அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுச் சொன்னார்: "அவசரம் வரப்படாதுன்னுதான பெரியவரே அதுக்குப் பொட்டு வச்சிருக்கோம்."

கன்னி மூலை

பின்படியில் இறங்கினா அடியில் ஒரு கதவு. ஆனா கதவு தெரியல. கயிற்றுச் சுருளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தாங்க, ஒவ்வொண்ணும் அம்மிக்கல் கனம். தீ வந்தா முதல்ல எரியப்போறதும் அதுதான், வழியை மறிக்கிறதும் அதுதான். முன்படியோ கரண்ட் மீட்டர் போர்டை உரசிக்கிட்டு இறங்குது. அந்த போர்டில் புகை கிளம்பினா, மாடியில் இருக்கிற இருபத்தாறு பேருக்கும் பின்படி ஒண்ணுதான் கதி. இதை விரல் மடக்கி மடக்கிச் சொன்னேன்.

அண்ணாச்சி பொறுமையாத்தான் கேட்டார். அது கன்னி மூலை, தென்மேற்கு, அங்கே கனம் இருக்கணும், கதவு திறக்கக் கூடாது, வாஸ்துக்காரர் சொல்லி அடைச்ச நாளிலிருந்து வியாபாரம் ஏறுமுகம்னார். முதலாளி பொண்ணு மூணு தடவை நோட்டீஸ் எழுதிச்சு. மூணு தடவையும் நான்தான் கொண்டுபோய் நீட்டினேன். மூணாவதை வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில் வெச்சுக்கிட்டுச் சொன்னார்: "வருமா வராதான்னு தெரியாத தீக்குப் பயந்து, வந்துக்கிட்டிருக்க லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்லுதீராக்கும்?"

மணி அடிச்ச அன்னைக்கு

சரி, முன்படியிலாவது வேகமா இறங்கிப் பழகட்டும்னு ஒருநாள் மணி அடிச்சேன். எல்லாரும் மிஷினை நிறுத்திட்டு ஒழுங்காத்தான் எழுந்தாங்க. படிக்கு அடியில் வந்ததும் கூட்டம் கப்புன்னு நின்னுபோச்சு. துணி அழுக்காகும்னு எல்லாரும் செருப்பைக் கீழே விட்டுட்டு மாடி ஏறுறவங்க. இருபத்தாறு ஜோடி, அதில் பாதி ஒரே கடையில் வாங்கினது. குனிஞ்சு அவங்கவங்க ஜோடியைத் தேடுறாங்க. விட்டுட்டு ஓடுங்கம்மான்னா, புதுசுங்கிறா ஒருத்தி, தெருவெல்லாம் மீன் தண்ணி ஓடுதுங்கிறா இன்னொருத்தி. பின்னாடி வந்தவங்க படியிலேயே தேங்கிட்டாங்க.

எல்லாருக்கும் மேலே, கடைசிப் படியில் தேசம்மா. நெட்டுக்குப்பத்துப் பொண்ணு, சின்ன வயசில் ஒரு கால் சூம்பிப்போய் கட்டை ஊன்றி நடக்கும். அதோட மிஷின் பின்படியை ஒட்டி, முன்படிக்கு ரொம்ப தூரம். இறங்கி வந்ததும் மத்தவங்க சிரிச்சுக்கிட்டாங்க, அது சிரிக்கல. நேரா என்கிட்ட வந்து கேட்டது: "இன்னா நைனா, இவுளுங்க செருப்பு மாட்டிகினு கெளம்புற வரிக்கும் கொஞ்சம் நில்லுன்னு நெருப்பாண்ட நான் சொல்லிகினு இருக்கவா?"

புளியந்தோப்புக் கல்யாணம்

அந்தக் கேள்வி என்னை ஒரு இடத்தில் உட்கார விடல. காலடிப்பேட்டையில் வேலை இல்லாட்டியும் பஸ்ஸை விட்டு இறங்கிடுவேன். எதிர்ப்பக்கம் நின்னு மாடி ஜன்னலை எண்ணுவேன். நாலு ஜன்னல், நாலிலும் கம்பி. எண்ணி என்ன ஆகப்போகுது, ஆனாலும் எண்ணுவேன்.

அந்தச் சமயம் பார்த்து மச்சான் மகளுக்குப் புளியந்தோப்பில் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைஞ்சதும் என் கால் ரெண்டாவது வாசலைத் தேடிப் போயிட்டுது. சமையல்கட்டுக்குப் பின்னாடி ஒரு வாசல், அதை மறிச்சு நாற்காலி அடுக்கு. ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா வெச்சு முடிக்கிறேன், மேளச் சத்தம் ஓய்ஞ்சுது. தாலி கட்டி ஆச்சு. வேட்டியெல்லாம் கரியோட நின்ன என்னை வீட்டுக்காரி தேடி வந்து மேலும் கீழும் பார்த்தா: "பொண்ணு மூஞ்சி எப்டி கீதுன்னு கேட்டா, கதவு மாரி கீதுன்னுதான் சொல்லுவ நீ."

இரும்பு ரேக்

அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டீஸ் இல்லாம வெறுங்கையோடு போனேன். அண்ணாச்சி சாம்பிராணித் தட்டோட வாசலில் நிற்கிறார், முகத்தில் சுளிப்பு. படியடியில் விட்ட செருப்பெல்லாம் வழிஞ்சு கடை வாசல் வரைக்கும் வந்திருந்தது. மகாலட்சுமி கால் வைக்கிற இடத்தில் இப்படிக் கலீஜாக் கிடந்தா எப்படி உள்ளே வருவான்னு என்கிட்டயே புலம்பினார்.

நாலு மாசமாத் தீயைப் பத்தியே பேசினவன், அன்னைக்கு அந்த வார்த்தையை வாயிலயே எடுக்கல. பின்கதவுக்கு வெளியே, சந்தில் சுவரோரமா ஒரு இரும்பு ரேக் போட்டு செருப்பையெல்லாம் அங்கே தள்ளிடுங்களேன், பொம்பளைங்க பின்படியிலேயே ஏறி இறங்கட்டும்னேன். கனம் வேணும்னா ரேக்கும் கனம்தானே. அவர் உடனே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் புண்ணியவான் என்ன நினைச்சாரோ, செருப்பு வெளியே போற வழிக்குத் தோஷம் கிடையாதுன்னுட்டார். பொழுது சாயறதுக்குள் கயிறு மொத்தமும் குடோனுக்குப் போச்சு. துருப்பிடிச்ச பூட்டை நானே கழட்டி, கீலுக்கு எண்ணெய் விட்டேன். அண்ணாச்சிக்குச் சந்தோஷம், ஆனா என் மேலே கொஞ்சம் வருத்தம்: "இத மொதல்லயே சொல்லாம, நாலு மாசமா தீ தீன்னு பயங்காட்டிக்கிட்டுல்லா அலைஞ்சீரு."

புகை வந்த மத்தியானம்

மழைக்காலம் வந்தது. மீட்டர் போர்டில் தண்ணி இறங்கி, ஒரு மத்தியானம் புகை கிளம்பிடுச்சு. அண்ணாச்சியே போன் பண்ணினார். ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ. அவன் ஆளை ஏத்த நிறுத்துற இடத்திலெல்லாம் இறங்கி ஓடிடலாமான்னு இருந்தது. போய்ச் சேர்ந்தா முன்படி முழுக்கக் கறுப்புப் புகை, ஃபயர் சர்வீஸ்காரங்க உள்ளே. சுத்திக்கிட்டுச் சந்துக்கு ஓடி, நின்ன பொம்பளைங்களை எண்ணினேன். இருபத்தஞ்சு. திரும்ப எண்ணினாலும் அதேதான். தேசம்மாவைக் காணோம்னு பின்படிப் பக்கம் பாய்ஞ்சேன்.

ஒருத்தி என் சட்டையைப் பிடிச்சுத் திருப்பி, தெருமுனைக் குழாயைக் காட்டினா. தேசம்மா அங்கே கட்டையைச் சுவரில் சாத்திட்டு முகம் கழுவிக்கிட்டு இருந்தது. பின்படிக்குப் பக்கத்து மிஷின் இல்லையா, முதல் ஆளா இறங்கி வந்ததே அதுதானாம். உள்ளே அவ்வளவு கலவரத்தில் எப்படிம்மா வழி பார்த்து வந்தேன்னு கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னது: "வழிய யாரு நைனா பாத்தா, செருப்பு கீற பக்கமா காலு தானா பூட்ச்சு."

ஜனங்க எந்தப் பக்கம் தப்பிக்கணும்னு முப்பது வருஷமாத் தலையை நிமிர்த்திச் சுவரில் போர்டு மாட்டினவன், ஒரே ஒரு தடவை குனிஞ்சு தரையைப் பார்த்திருந்தா, இந்த வயசில் இவ்வளவு அலைஞ்சிருக்க வேண்டாம்.