தேவகியின் பையில் இருந்த மார்க்கர் பெட்டி

ஊசி போடுவதற்கு முன் கம்பவுண்டர் கையில் தடவுகிற ஸ்பிரிட்டின் வாசனைதான் அந்த மார்க்கர்களுக்கும் இருந்தது. மூடியைத் திறந்ததும் சில்லென்று மூக்கில் ஏறும். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்த அப்பா, எங்கள் பேச்சில் "நைனா", முதல் லீவுக்கு வந்தபோது, அந்த வீட்டுப் பெண் பாதி தீர்த்துவிட்டுத் தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்த பெட்டி அது. ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நகரியில் மெழுகுக் கலரையும் ஸ்கெட்ச் பேனாவையும் தவிர வேறெதையும் பார்த்திராத எனக்கு, ஒரு நிறம் காய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்றைத் தீட்டினால் இரண்டும் கோடு தெரியாமல் கலந்துவிடுவது மாயம் போலிருந்தது. அம்மாவுக்கு மட்டும் பயம். "அத மோந்துக்கினே இருக்காத, மயக்கம் வந்துடும்" என்பாள்.

திருப்பதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி என்றார்கள். வீட்டிலேயே வரைந்து எடுத்துப் போகலாம். அம்மா மாங்காய் பறிக்கக் கூலிக்குப் போகும்போது கூடப் போய்ப் பார்த்திருந்த பங்காருபாளையம் மண்டியை வரைந்தேன். குவியலில் ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் இழைத்தபோது, தாள் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவள் தேவகி. அடுத்த தெரு, ஒரே பெஞ்சு. அவளும் வாட்டர் கலரில் ஒரு மலைக்கோயிலை வரைந்திருந்தாள். அவள் அப்பாவுக்கு பெங்களூரில் கம்பெனி வேலை கிடைத்து, குடும்பமே கிளம்ப இருந்த நேரம் அது.

என் பையின் ஜிப் அறுந்திருந்ததால் மார்க்கர் பெட்டியை அவள் பையில் வைத்துக்கொண்டு போனோம். நடுவராக வந்தவர் என் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரஷ் தடமே இல்லையே, பெரியவர்கள் யாரோ போட்டுக் கொடுத்ததுதானே என்று தெலுங்கில் கேட்டார். நான்தான் போட்டேன், கலர் இவள் பையில் இருக்கிறது, இப்போதே போட்டுக் காட்டுகிறேன் என்று தேவகியைக் காட்டினேன். அவர் அவள் பக்கம் திரும்பினார். தேவகி பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நாக்கு தெலீது சார், நேனு சூடலேது" என்றாள். தெரியாதாம், பார்க்கவில்லையாம். என் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்கள். முதல் பரிசு அவளுக்கு.

திரும்புகிற பஸ்ஸில், புத்தூர் தாண்டியதும், பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். "பெங்களூர் ஸ்கூல்ல சீட்டுக்கு சர்டிபிகேட் இருந்தா நல்லதுன்னு அப்பா சொல்லிக்கினே இருந்தாருடி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதமே அவர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள்; வழியனுப்ப நான் போகவில்லை.

"நைனாகிட்ட சொல்லாத, அங்க தனியா கெடக்குற மனுசன்" என்று அம்மா என்னை அடக்கிவிட்டாள். எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் வந்தபோது அவளே ரிசீவரை வாங்கி, "நல்லா போட்டாள்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் வரையவில்லை. மார்க்கர்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்துபோயின.

இன்று அந்த மாதிரி மார்க்கர்கள் திருப்பதிக் கடைகளில் தொங்குகின்றன. அந்த எஸ்.டி.டி. பூத் இல்லை, நைனாவும் இல்லை. போன வருடம் அலிபிரியில் திருமலைக்குப் படியேறக் காத்திருந்தபோது ஒருத்தி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தேவகி. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற மகளிடம், "நான் சொல்லிக்கினே இருப்பேனே, இவதான். என்னோட கூடவே உக்காந்து படம் போடுவா, எவ்ளோ நல்லா போடுவா தெரியுமா!" என்றாள். தேவகியின் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு தயக்கமோ கூச்சமோ இல்லை, அந்தப் போட்டியே நினைவில் இல்லை போல; நிஜமான சந்தோஷம்தான் இருந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல எப்படிடி மனசு வந்தது என்று இத்தனை வருடமும் அவளிடம் கேட்க நான் வைத்திருந்த கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவள் அங்கே இல்லை.