மீன் தொட்டிக்குக் குழாய் ஒட்டிய கதை

என் கணவர் முப்பது வருஷம் கண்டி முழுக்கக் குழாய் வேலை பார்த்தவர். மஹய்யாவயிலிருந்து அம்பிட்டிய மேடு வரைக்கும் அவரிடம் திட்டு வாங்காத வீட்டுக்காரர் குறைவு. வீட்டில் என்னையும் விட்டுவைத்ததில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டவள் இல்லை. போன வருஷம் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், தேத்தண்ணி கொடுத்ததற்கு எனக்கு நன்றி சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அதன்பிறகு எதைச் சொன்னாலும் "சரிம்மா"தான். குழம்பில் உப்பில்லாவிட்டாலும் சரிம்மா. நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்து சுவரையே பார்ப்பார். எல்லாம் நல்லாயிருக்கிறது என்றார் டொக்டர். அவருக்கென்ன, முன்பு இருந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரஷர் இறங்கும் என்று பக்கத்து வீட்டு ராத்தா சொன்னார். எப்படியும் சுவரைப் பார்க்கிற மனுஷன், மீனைப் பார்த்தால் என்ன என்று தொட்டி வாங்கினேன். மேலே தொட்டி, கீழே தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பெட்டி, இரண்டுக்கும் நடுவே பீவீசீ குழாய். அவர் பாரம் தூக்கவோ அழுத்தித் தள்ளவோ கூடாது என்பதால் குழாய் அறுக்கிற ஹெக்சோ பிளேடு என் கைக்கு வந்தது. ஏழு மீன்கள் வாளியில் காத்திருந்தன.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் ஒட்டி முடிக்க வேண்டும் என்று பறந்தேன். முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர், அதற்கெல்லாம் நேரமில்லை. பாணுக்கு ஜாம் பூசுவதுபோல் பைப் கம்மைப் பூசினேன். பத்து இருபத்தைந்துக்கு எல்லாம் முடிந்தது. மேலே வைத்த எல்போ வளைவு மட்டும் தொட்டிக்குள் பார்க்காமல், அவரைப்போலவே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பினால் அசையவில்லை. அவரும் பார்த்தார்.

"இருக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய சட்டியைச் சத்தமாகக் கழுவினேன். இந்த மனுஷன் செத்துப் பிழைத்தாரா, பிழைத்துச் செத்தாரா என்று நினைத்தேன். நினைக்கக் கூடாததுதான், ஆனாலும் நினைத்தேன்.

பின்னேரம் அந்த எல்போவை அறுத்தெறிந்துவிட்டு வேறொன்று ஒட்டினேன். மறுநாள் தண்ணீர் விட்டுப் பார்த்தால் கீழ் மூட்டு ஒழுகியது. எனக்கு அலுத்துவிட்டது. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, மூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? முப்பது வருஷமா ஊரெல்லாம் இந்த டியூபத்தான் வெட்டி வெட்டி எறிஞ்சேன். என் வீட்டுக்குள்ளயே கட்டுறியா? அவுத்துப் போடு அத."

அவிழ்த்தேன். தண்ணீரை இறக்கச் சொன்னார், மூட்டை அறுக்கச் சொன்னார், துடைக்கச் சொன்னார். அறுத்தது கோணலாக இருந்ததற்கு என் கண்ணைத் திட்டினார். பைப் கம் கூடிப்போனதற்கு என் அப்பாவை இழுத்தார். அப்பா வாழ்க்கையில் ஒரு குழாயும் ஒட்டியதில்லை. குழாயை உள்ளே தள்ளி, கால்வாசி திருகி, முப்பது எண்ணும்வரை அசையாமல் பிடிக்க வேண்டுமாம். நான் பிடித்தேன், அவர் எண்ணினார். பதினேழில் என் கை ஆடிவிட்டது என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்ற சந்தோஷம். இரண்டு கையும் குழாயில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

பைப் கம் வாடை கண்ணில் ஏறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஜன்னலைத் திறக்காமல் கம் டின்னைத் திறந்த முட்டாள் என்று என்னைத் திட்டிவிட்டு, தானே எழுந்து திறக்கப் போனார். ஜன்னல் வரைக்கும் எண்ணிக்கொண்டேதான் போனார்.