கண்ணாயி அக்கா எண்ணெய் தரமாட்டாள்

கொல்லிமலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் சாலையில், பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அங்கே கண்ணாயி அக்கா பலாப்பழம் விற்பாள். விற்பாள் என்று சொல்வதுகூடத் தப்பு. ஆளைப் பிடித்து வைப்பாள்.

நான் அசோக், முள்ளுக்குறிச்சிக்காரன். பதினெட்டு வருஷமாக இந்த மலையில் பிக்கப் ஓட்டுகிறேன். என்னையே பிடித்து வைத்தவளுக்கு வெளியூர்க் காரெல்லாம் எந்த மூலைக்கு?

வெயில் காலத்தில் ஊர் சுற்றிவிட்டு இறங்குகிற வண்டிகளில் பாதி, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே வரும். வளைவுக்கு வரும்போதே சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் அடிக்கும். அது மூக்குக்கு எட்டினால் போதும், அக்கா தட்டோடு நடுரோட்டுக்கே வந்துவிடுவாள்.

"ஏனுங்க சாமி, மலைப் பழமுங்க. ஒரு சொளை ருசி பார்த்துட்டுப் போங்க."

ஒரு சுளை வாய்க்குள் போனதும் அரைப் பழத்தைக் கையில் கொடுத்து, "நீங்களே பிரிச்செடுங்க கண்ணு, அப்பத்தான் ருசி" என்பாள். பிரிப்பார்கள். பத்து விரலிலும் பலாப்பால் அப்பிக்கொள்ளும். அது தண்ணீருக்கு அசையாது, சோப்புக்கும் போகாது, எண்ணெய்தான் வேண்டும். எண்ணெய் கேட்டால், "அட, தீந்து போச்சே! ஊட்டுல இருக்குது, எடுத்துட்டு வாரேன்" என்று பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். பாட்டில் அவள் இடுப்பிலேயே இருக்கும்.

புதுக் காரின் ஸ்டீயரிங்கை அந்தக் கையால் தொட எவனுக்கு மனசு வரும்? அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் விரலை விரித்துக்கொண்டு சாலையோரம் நிற்பார்கள். அரை மணி நேரத்தில் பிரேக் ஆறிவிடும். அக்கா வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பாள். திருப்தியானால்தான் எண்ணெய் வரும்.

"ரெண்டாவது கியர்லயே எறங்குங்க சாமி" என்று சொல்லி அனுப்புவாள்.

இதை எங்கே படித்தாள் என்று கேட்பீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வளைவில் ஒரு கார் புகையோடு நின்றது. ஓட்டி வந்தவர் குடிதண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போக, ராசிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் கையைப் பிடித்துத் திட்டினார். ஊற்றாதே, சும்மா அரை மணி நேரம் நிறுத்து, சூடான பிரேக் பிடிக்காது, ஆறினதும் கீழ் கியரில் இறக்கு, கியரே வண்டியைப் பிடிக்கும் என்றார். அவ்வளவுதான் அக்காவின் படிப்பு.

என்னைப் பிடித்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்கக்கா, எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றீங்களா?" என்று கத்தினேன். "உங்களுக்குச் சொல்லித் தர முடியுங்களா தம்பி? சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டு போங்க, அது சொல்லும்" என்றாள். கொண்டு போனேன். ஒரு சாண் தூரத்திலேயே அனல் அடித்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு மிச்சப் பழத்தைத் தின்றேன்.

இப்படி ஊரையே நிறுத்தியவளால் நிறுத்த முடியாத ஆள் ஒருவர் இருந்தார். அவள் புருஷன் அருணாசலம். ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போவார். இறக்கத்தில் மனிதர் கியரே போடமாட்டார். நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக இறங்குகிறதாம், பெட்ரோல் மிச்சமாம். கேட்டவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அக்காவுக்கு அதைக் கேட்டாலே ஆகாது.

"எறங்கறது தானா எறங்கும். நிக்கறது யாரு சொல்லி நிக்கும்?" என்று சண்டை போடுவாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

இந்த வைகாசியில் ஒரு நாள் பதினோரு மணி வெயிலில் நான் அங்கே கை நிறையப் பலாப்பாலோடு எண்ணெய்க்குக் காத்திருந்தேன். மேலே ஆம்னி வரும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. அக்கா தட்டைப் போட்டுவிட்டு ரோட்டின் குறுக்கே போய் நின்றாள். அருணாசலம் பிரேக்கை ஏறி மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, அவளுக்கு நாலடி முன்னால் நிறுத்தினார். முன்சக்கரம் இரண்டும் புகைந்தன. பின்னால் கூரை வரைக்கும் கிழங்கு மூட்டை. முன் சீட்டிலும் ஒன்று.

"தள்ளு புள்ள! பன்னண்டு மணிக்குள்ள மில்லுல லோடு எறக்கோணும்."

"பொகையுதுங்க. செத்த நேரம் நிறுத்துங்க."

"எனக்கேவா? பழமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன் வித்தையெல்லாம் எனக்குத் தெரியும்."

நானும் போய் நிற்கச் சொன்னேன். "உன் கையைப் பாருடா, நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட" என்றார். ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கக் கையை வைத்தார்.

அக்கா சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தாள். முன் சீட்டில் இருந்த மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"எடுங்க வண்டிய. நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"கீழ எங்கயாவது பள்ளத்துல உங்களைத் தேடிட்டு நான் தனியா எறங்க மாட்டேன். இப்பவே ஒண்ணா வந்துடறேன். எடுங்க."

அருணாசலம் அவளைப் பார்த்தார். அவள் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா மிரட்டுகிற முகமாக இல்லை. அவர் பல்லைக் கடித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். முதல் கியரைப் போட்டுவிட்டு இறங்கி, பெரிய கல்லாகத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அப்புறம் அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"எறங்கு கண்ணாயி. ஆறட்டும்."

அக்கா இறங்கவில்லை. கிழங்கு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.